சூலியா தெரு முடிகிற இடம்

1999 நவம்பரில் நான் பினாங்கு போனது ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காக. நண்பர் தியாகு அங்கே கணித விரிவுரையாளர்; வலைப்பின்னல்களில் சாதாரண நடையையும் குவாண்டம் நடையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பேருந்தில் ஐந்தரை மணி நேரம், கட்டணம் பதினேழு மலேசிய வெள்ளி. தீவுக்குப் போகும் பெர்ரிக்கு அறுபது சென், இருபது நிமிடம். வழியெல்லாம் மழை.

மாலையில் தியாகு தன் வீட்டில் ஜார்ஜ் டவுன் நகர வரைபடத்தை விரித்தார். சந்திக்குச் சந்தி நாணயம் சுண்டி நடப்பவர் சாதாரண நடைக்காரர். ஓரிடத்துக்கு இரண்டு வழி இருந்தால், அவர் அங்கே போய்ச் சேரும் வாய்ப்பு கூடும். குவாண்டம் நடையில் துகள் எல்லாத் தெருக்களிலும் அலைபோல் ஒரே நேரத்தில் பரவும். வெகு தூரம் போய்விடும். ஆனால், இரண்டு வழிகளில் வந்த அலைகள் சேருமிடத்தில் ஒன்றையொன்று அழித்து, துகள் அங்கே இருக்க வாய்ப்பே இல்லாமலும் போகலாம். அவருடைய அண்ணன் பாலா, மறதி நோய்க்காரர், எதிரில் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாலாவைக் காணவில்லை. வாசல் கதவு திறந்திருந்தது.

போலீசில் சொல்லிவிட்டு நகரைப் பிரித்துக்கொண்டோம். சூலியா தெருவுக்கு வடக்கே தியாகு, தெற்கே நான். மணிக்குப் பத்து வெள்ளி பேசி ஒரு ரிக்‌ஷாவில் ஏறினேன். 11.40க்கு அத்தெரு கடலில் முடியும் இடத்துக்கு வந்தேன். எதிரே ஒரு மரப் படகுத்துறை.

“உள்ள பாக்கலையா அண்ணே?” என்றார் ரிக்‌ஷாக்காரர்.

“அது என் நண்பர் பக்கம். அவர் பாத்திருப்பார்.”

“கேட்டீங்களா? பேப்பர்காரரு, எல்லாத்தையும் கேப்பீங்க லா!”

சிரித்துவிட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

மாலை 5.40க்கு அந்தத் துறையருகே மீனவர்கள் பாலாவின் உடலைக் கரையேற்றினார்கள். பகல் ஒரு மணிவரை அவர் துறையின் பலகைப் பாதை நுனியில் உட்கார்ந்திருந்ததாக ஒரு சீன அம்மா சொன்னார். யாருக்காகவோ காத்திருக்கிறார் என்று நினைத்தாராம்.

“நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?” என்றார் தியாகு.

“இல்ல. உங்க பக்கம்னு நினைச்சேன்.”

“நானும் போகல. பதினொன்னு பத்துக்கு வந்தேன். உங்க பக்கம்னு திரும்பிட்டேன். ஒரே ஆள் தேடியிருந்தா கெடைச்சிருப்பாரு,” என்றார்.

கட்டுரையை நான் எழுதவில்லை.

யாரையாவது தேடப் போனால், எல்லையாக வைத்த தெருவை இருவருமே பாருங்கள். பார்த்ததையும் பார்க்காததையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அந்தத் துறைக்குக் கட்டணம் இல்லை. மழையில் பலகை வழுக்கும். மறுநாள் நான் நடந்து பார்த்தேன்: நுனிவரை சுமார் அறுபது மீட்டர். மெதுவாக நடந்தாலும் ஒரு நிமிடம்தான்.