இரண்டு முறை துளுக்கிய சேவல்

கோழிக்குக் குடலில் புழு வைத்துவிட்டால் நெஞ்செலும்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். தின்பதில் குறை இருக்காது. கையில் தூக்கினால் மட்டும் கத்தி முனையைத் தொட்ட மாதிரி இருக்கும். எங்கள் செஞ்சேவலும் அப்படித்தான் ஆகிப்போனது. வெறும் சேவல் என்றால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அப்பாவுக்குக் கோவையில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, அவர் பிழைத்து வந்தால் கருப்பராயனுக்குக் கொடுக்கிறேன் என்று அம்மா நேர்ந்துவிட்ட சேவல் அது.

அப்பா வீடு வந்து சேர்ந்தார். சேவலோ கொண்டை வெளுத்து வேலியோரம் தூங்கி வழிந்தது. ஒருநாள் அதன் எச்சத்தில், இடியாப்பம் போல எங்கள் பக்கம் பிழியும் சந்தகையின் இழை மாதிரி வெள்ளையாக நெளிவதைப் பார்த்தேன். அதன்பிறகு ஒரு மாதம் நான் சந்தகையே தின்னவில்லை.

வேப்பங்கொழுந்தும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அம்மா மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள். குடல்புழு மருந்து கொடுத்த டாக்டர், மருந்து குடித்த கோழியை இரண்டு வாரத்துக்கு அறுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். கோயிலுக்குக் குறித்திருந்த தேதியைத் தள்ளிப்போட அத்தையிடம் அல்லவா கேட்க வேண்டும்? அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டு நல்லது கெட்டதெல்லாம் அவள் கையில்.

"சாமிக்கு உட்டதுக்கு மருந்துங்களா நங்கையா? எனக்கென்னமோ சரியாப் படலீங்க" என்றாள் அத்தை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அம்மா இரண்டு நாள் கெஞ்சித் தேதியை மாற்றினாள்.

காலையில் தண்ணீர் வைக்காமல் கோழிகளுக்குத் தாகமெடுக்க விட்டு, வெயில் ஏறியதும் மருந்து கலந்த தண்ணீரை வைத்தாள். எல்லாக் கோழிகளும் குடித்தன. சேவல் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதை மடியில் அமுக்கி, அலகைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி மருந்து அதன் தலையில் வழிந்தது. கீழே விட்டதும் சேவல் உடம்பு முழுவதையும் ஓர் உலுக்கு உலுக்கியது.

எனக்குத் திக்கென்றது. எங்கள் கோயிலில் அறுக்கும் முன் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். சேவல் இப்படித் துளுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். சாமி கொடுப்பது ஒரே ஓர் உத்தரவுதான், அதுவும் மருந்துக்கே போய்விட்டது என்று நானாக முடிவுகட்டினேன். இனி அப்பா செத்துப்போவார் என்று பயந்து, யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மருந்து கேட்டது. புழுக்கள் விழுந்தன, சேவலும் தேறியது. மாற்றிய தேதியில் கோயிலில் பூசாரி தண்ணீர் தெளித்தார். சேவல் அசையவில்லை. இரண்டாம் முறையும் இல்லை, மூன்றாம் முறையும் இல்லை. செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை இறக்கினார்கள். நாற்காலியில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம் சுண்டியது.

"ஏதோ கொறை இருக்குதுங்க. நாந்தான் அப்பவே சொன்னனே" என்றாள் அத்தை.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். நான் அழ ஆரம்பித்தேன்.

அம்மா பூசாரியிடமிருந்து சொம்பை வாங்கினாள். சேவல்மேல் குனிந்து, முந்தானை மறைவில் அதன் காதுக்குள் விரலால் தண்ணீரை விட்டாள். இடுப்பளவு உயரத்தில் நின்ற எனக்கு மட்டும் அது தெரிந்தது. சேவல் துளுக்கியது. குலவை எழுந்தது, அதில் அத்தையின் குரல்தான் உரக்கக் கேட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன்: "ஏம்மா, சாமிய ஏமாத்திப்போட்டீங்களா?"

அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். இப்போது எனக்கு இருக்கும் வயதுகூட அவளுக்கு அப்போது இல்லை.

"இதுக்கு மேல என்னால முடியில கண்ணு."

காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தாளே, கால்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து அவள் பாதங்களைத் தேய்த்துவிட்டேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.