நோபல் பார்க் வரை போன கறித்தூள்

செவ்வாய், காலை ஆறரை. சிட்னி விமான நிலையத்தில் அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கிளிநொச்சியில் எங்கள் ஆலை அரைத்த கறித்தூள் பத்துப் பக்கற். மூலையில் என் சமையலுக்கென்று வீட்டில் வறுத்து இடித்த தூள், லேபல் இல்லாத சின்னப் பையில். சுங்கப் படிவத்தில் எல்லாம் எழுதியிருந்தேன். முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, போகச் சொன்னார்.

ஆலை, போருக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் போட்டுத் தந்தது. "இனி நிவாரணமில்லை, வியாபாரம்" என்றார்கள். புருஷனைப் பறிகொடுத்த பன்னிரண்டு பெண்களுக்கு அதுதான் சோறு. விற்பனை என் பொறுப்பு. சந்தையை ஆராய வந்த நிபுணர் சுவரில் படம் போட்டுக் காட்டினார்: அவுஸ்திரேலியாவில் தமிழர் இருக்கிறார்கள், தமிழர் கறி சாப்பிடுவார்கள். சரிதானே! அனுப்பியதெல்லாம் விற்றது. இந்தமுறை பெரிய ஓடர் ஒன்றோடு திரும்பினால் ஆலை ஓடும். இல்லையென்றால் திட்டக்காரர் இந்த வருடத்தோடு கையை எடுத்துவிடுவார்கள்.

பத்து மணி, சிட்னியில் தமிழ்க்கடைகள் உள்ள பென்டில் ஹில். சென்ட்ரலில் மாறி முக்கால் மணித்தியால ரயில். கடையில் எங்கள் தூள் அடுக்கும் தட்டு காலி.

"வந்து ரெண்டு நாளில முடிஞ்சிடும் தங்கச்சி," என்றார் முதலாளி. "மெல்பேர்ன் நோபல் பார்க்கில ஒருத்தர் பெட்டியோட எடுப்பார்."

மொத்த வியாபாரி! எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அங்கேயே அவருக்குப் போன் எடுத்தேன். "வாங்கோ பிள்ளை" என்றார்.

புதன், மெல்பேர்ன். ரயிலில் பதினொரு மணித்தியாலம் காய்ந்த புல்லும் செம்மறியாடும் பார்த்தே வந்து சேர்ந்தேன். போனில் பேசிய சிவநேசன் அண்ணை காரோடு நின்றார். அறுபது வயது, முதியோர் இல்லத்தில் வேலை.

"எத்தினை கடைக்குக் குடுக்கிறியள் அண்ணை?"

"முதல்ல சாப்பிடுவம்," என்றார்.

அவர் மனைவி வைத்த மீன்குழம்பு அருமை. "எங்கட தூளோ அக்கா?" என்று கேட்டேன். அக்கா தலையைக் குனிந்தா.

"இது என்ர தங்கச்சி யாழ்ப்பாணத்தில இருந்து வாற ஆக்களிட்டக் குடுத்துவிடுறது. எங்கட அம்மான்ர அளவு. இது இல்லாட்டி இவர் சோத்தில கை வைக்கமாட்டார்."

அண்ணை எழுந்துபோய்க் கராஜைத் திறந்தார். சுவர் நீளத்துக்கு எங்கள் பெட்டிகள். மேலே என் கையெழுத்து. ஒன்றும் உடைக்கவில்லை. பாதிக்குத் திகதி முடிந்திருந்தது.

"நாங்கள் ஓடி வந்திட்டம். நீங்கள் அங்கேயே நிண்டு எல்லாம் பட்டனீங்கள். இதையாவது செய்யவேணுமெண்டு..." சரிந்திருந்த பெட்டியொன்றை நேராக்கி வைத்தார். "இன்னும் வாங்குறன் பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு வருடமாக வியாபாரம் என்று நினைத்து நிவாரணம்தான் வாங்கியிருக்கிறோம்.

"வேண்டாம் அண்ணை. இனி வாங்காதேங்கோ."

"அப்ப அந்தப் பன்னிரண்டு பேரும்?"

கராஜ் கதவை நானே இழுத்து மூடினேன்.

வியாழன், மாலை ஐந்து மணி. விமானம் ஏறுமுன் திட்ட அதிகாரிக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன். "அறிக்கையில் எழுதுகிறேன்" என்றார்.

கிளிநொச்சியில் இப்போது சாப்பாட்டு நேரம் நெருங்கும். பன்னிரண்டு பேரும் ஆலை வாசலில் சோற்றுப் பெட்டியைத் திறப்பார்கள். பன்னிரண்டு குழம்புக்கும் பன்னிரண்டு வாசம். ஒருத்தியும் ஆலைத் தூளில் சமைப்பதில்லை. தினமும் அவர்கள் நடுவில் இருந்து, என் வீட்டுத் தூளில் வைத்த குழம்பைத்தான் நானும் சாப்பிட்டேன்.