மஜீத் பாய் மாடியில் ஒரு மேசை

ராமாமணிக்குக் கோபமே வராது என்று துடியலூரில் அவள் புகுந்த வீட்டார் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். வராமல் என்ன, வந்தது. வந்த கோபத்தை வைக்க அந்த வீட்டில் இடம் இல்லை, அவ்வளவுதான். டிராயிங் போர்டு வைக்கவே இடம் இல்லாத வீட்டில் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அவள் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். கல்யாணமான நாள் முதல் கோயமுத்தூர் இன்ஜினியர்களுக்கு வீட்டு பிளான் வரைந்து கொடுத்து வந்தாள். அவர்கள் பென்சிலில் கிறுக்கிக் கொடுப்பதை டிரேசிங் பேப்பரில் மையால் சுத்தமாக வரைய வேண்டும். மை காய்வதற்குள் கை பட்டால் போச்சு. பாதிக் கோட்டில் எழுந்தால் போச்சு. பேனாவைத் தாளில் வைத்துவிட்டால் அந்தக் கோடு முடிகிற வரைக்குமாவது யாரும் கூப்பிடக் கூடாது. அந்த வீட்டில் கூப்பிடாமல் இருந்தவர் யார்?

கேஸ் சிலிண்டர் வந்தால் ராமாமணி. கரண்ட் ரீடிங் எடுக்க ஆள் வந்தால் ராமாமணி. கல்யாணத்துக்கு அழைக்கச் சொந்தக்காரர்கள் ஜோடியாக வந்து நின்றால் சொல்லவே வேண்டாம். கொங்கு நாட்டில் வாசலில் ஒரு தலை தெரிந்தவுடன் எழுந்து நின்று "வாங்க" சொல்லியாக வேண்டும். சொல்ல ஒரு நொடி தாமதித்தால் அந்தக் குறை பங்காளி வீடுகளையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் திரும்பி வரும். "வாங்க" சொன்னால் போதுமா? தண்ணீர், அப்புறம் காப்பி, அப்புறம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி ஒரு வற்புறுத்தல். மாமியார் குழந்தையம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் வருகிறவர்களிடமெல்லாம், "மருமக ஊட்லதானுங்க இருக்கறா, எப்ப வேணாலும் வாங்க" என்று சொல்லி அனுப்புவாள். வேலைக்குப் போகிறவளாக இருந்தால் வேலை என்பார்கள். வீட்டில் உட்கார்ந்து செய்கிறவள் என்றால் அது வேலையில் சேர்த்தி இல்லை.

தொண்ணூற்றாறில் ஒரு நாள் அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மாமன் வந்தார். வந்தவர் காப்பி டம்ளரை வைக்க இடம் தேடி, வசதியாக ஒரு கல்யாண மண்டபத்தின் நடுவில் வைத்துவிட்டார். பத்து நாள் முதுகொடிய வரைந்த மண்டபம். தாளில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்து மையும் கரைந்து ஓடியது.

"தொடச்சாப் போயிருமில்லீங்க?" என்றார் மாமன்.

"போயிருமுங்க மாமா" என்றாள் ராமாமணி. பொங்கி வந்த கோபத்தோடு அவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுத்தாள். அதுதான் அவளுடைய லட்சணம். மண்டபத்தின் வேலை வேறு ஒருவருக்குப் போனது. "ஊட்ல வெச்சுச் செஞ்சா இப்படித்தானுங்க ஆகும்" என்று இன்ஜினியர் சொன்னது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

காந்திபுரத்தில் அப்துல் மஜீத் பாய்க்கு ஜவுளிக் கடை. மாடியில் சரக்கு அடுக்கியிருந்த ஹாலைக் காலி செய்து வரிசையாக மேசை போட்டு, மேசைக்கு ஒருவர் என்று மாத வாடகைக்கு விட்டிருந்தார். தனியாக ஆபீஸ் வைக்க வசதி இல்லாத, வீட்டிலும் வேலை ஓடாத ஆட்களுக்காகச் செய்த ஏற்பாடு. இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேங்கடசாமி, டைப் அடிக்கிறவர், வருமான வரி எழுதுகிறவர் என்று ஆளுக்கொரு மேசை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு டெலிபோன், தண்ணீர்ப் பானை, கீழே மாடிப்படி ஓரத்தில் பெயர்ப் பலகை. ராமாமணி வடக்கு ஜன்னல் ஓரத்து மேசையை எடுத்தாள். பலகையில் பாய் அவள் பெயரை எழுதி, "பிளான் வரைபவர்" என்றும் போட்டார்.

அடடா, அந்த மூன்று மாதம்! வீட்டில் இரண்டு நாள் இழுத்த வேலை அங்கே ஒரே பகலில் முடிந்தது. டைப்ரைட்டர் தடதடத்தது, போன் அலறியது, வேங்கடசாமி யாரோ ஒருவருக்குச் சாவைப் பற்றி விளக்கிக்கொண்டே இருந்தார். எதுவும் அவளைத் தொடவில்லை. அத்தனை சத்தத்திலும் ஒன்றுகூட அவளைக் கூப்பிடுகிற சத்தம் இல்லை. யாராவது படியேறி வந்தால் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. இப்படி ஒரு சுகம் உலகத்தில் இருப்பதை இத்தனை வருஷம் யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

அப்புறம் மாமனார் வந்தார்.

பாலுசாமி விவசாயத்தை விட்டுவிட்டு, விளைந்த காடுகளில் கல் நட்டு சைட் விற்கிற புரோக்கர் வேலையில் இறங்கியிருந்தார். முதல் நாள், மருமகள் உட்காருகிற இடம் எப்படி என்று பார்க்கத்தான் வந்தார். பெரியவர் என்று ஹாலே எழுந்து "வாங்க" சொன்னது. ராமாமணியும் எழுந்தாள், நாற்காலியைக் கொடுத்தாள். தப்பு அங்கேதான் நடந்தது. பெரியவருக்கு மேலே ஓடிய ஃபேன் பிடித்தது, டெலிபோன் பிடித்தது, காந்திபுரம் விலாசம் ரொம்பவே பிடித்துப் போயிற்று. அடுத்த வாரம் ஒரு பார்ட்டியோடு வந்தார். அதற்கடுத்த வாரம் அவள் போவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். விசிட்டிங் கார்டே அடித்துவிட்டார். அதில் அவருடைய பெயர், மஜீத் பாயின் விலாசம், ஹால் போன் நம்பர்.

"சைட்டு வாங்குனா ஊட்டு பிளான் இனாமுங்க. என்ற மருமகதான், போட்டுக் குடுத்துரும்" என்று பார்ட்டிகளிடம் அளந்துகொண்டிருந்தார். அவள் ஒருமுறை மெதுவாக, "மாமா, இன்னைக்கு ஒரு வேலை முடிச்சுக் குடுக்கோணுமுங்க" என்றாள். "அதுக்கென்ன கண்ணு, சித்த நேரம்" என்றவர், பாதி வரைந்த தாளைச் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "நாலு டீ சொல்லு அம்மணி" என்றார். எந்த வீட்டிலிருந்து தப்பித்து வந்தாளோ அந்த வீடு பஸ் ஏறிப் பின்னாலேயே வந்துவிட்டது.

புருஷனிடம் சொன்னாள். சென்னகேசவன் பெருந்துறையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நிதானமாக யோசித்து நியாயம் சொல்வதில் பேர் போனவன். அன்றைக்கும் யோசித்தான்.

"அப்பாவுக்கு ஒரு எடம் வேணுமில்ல? பார்ட்டியெல்லாம் ஊட்டுக்கு வந்தா மருவாதையா இருக்காது. நீ ஒண்ணு பண்ணு புள்ள. அவுரு அங்க இருக்கட்டும். நீ ஊட்லயே போட்டுக்க. இப்ப அவுரும் இல்லாம ஊடு காலியாத்தான கெடக்குது?"

கேட்ட மாமியாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. யார் வயிற்றிலும் அடிக்காத ஏற்பாடு! அவள் தேடி, அவள் கேட்டு, அவள் சம்பாத்தியத்தில் வாடகை கட்டுகிற மேசையில் அவர் உட்காருவார். அவள் திரும்பப் போய் காப்பி டம்ளர்களுக்கு நடுவில் கோடு போடுவாள். சொன்னவன் முகத்தில் கொஞ்சமாவது கூச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரியவில்லை. நல்ல யோசனை சொன்னவனுடைய திருப்திதான் தெரிந்தது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம்.

திங்கட்கிழமை காந்திபுரத்தில் படியேறப் போனவள் கீழேயே நின்றுவிட்டாள். பலகையில் அவள் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, "பாலுசாமி, வீட்டு மனைகள்" என்று எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை. கடைக்குள்ளிருந்த மஜீத் பாயிடம் போனாள்.

"பாய், என்னங்க இது?"

"உங்க மாமனார் சொன்னாரேம்மா. நீங்க இனி ஊட்லயே பாத்துக்கறீங்க, மேசை அவர் பேருக்குன்னு."

"வாடகை வாங்கறது யார்கிட்டங்க?"

"உங்ககிட்டத்தான்."

"அப்பறம் கேக்கறது மட்டும் ஏனுங்க அவர்கிட்ட?"

"பெரியவர் வந்து சொல்றப்போ நான் எப்படிம்மா மறுக்கறது?" என்றார் பாய். அவரும் யோக்கியமானவர்தான். எல்லோரும் யோக்கியமானவர்களாக இருந்தே அவளை மொத்தமாகத் துடைத்து எறிந்துவிட்டார்கள். அதை நினைக்கத்தான் அவளுக்கு ரத்தம் கொதித்தது.

மேலே போனாள். பக்கத்து மேசை நாற்காலிகளையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. நடுவில் பாலுசாமி.

"வா அம்மணி. இவங்கதான் கெழக்கு மூல சைட்டு எடுக்கறவங்க. மூணு பெட்ரூம் வெச்சு ஒண்ணு போட்டுக் குடுத்துரு. மொதல்ல டீ சொல்லு."

"மாமா, எந்திரிங்க."

அவள் கத்தவில்லை. ஆனால் டைப்ரைட்டர் நின்றது. பாலுசாமி சிரித்தார், காதில் சரியாக விழவில்லை என்பது போல.

"என்ன கண்ணு?"

"இது நான் வேலை செய்யற எடமுங்க மாமா. வாடகை நான் குடுக்கறனுங்க. எந்திரிங்க. பிளான் இனாம் கெடையாதுங்க. வேணுங்கறவங்க என்கிட்டக் கேட்டு, பேசி, காசு குடுத்துத்தான் போட்டுக்கோணும்."

ஒரு 'ங்க'கூட விட்டுப்போகவில்லை. அத்தனை மரியாதையோடு ஒரு பெரிய மனுஷனை அந்த ஹாலில் யாரும் எழுப்பியதில்லை. வேங்கடசாமிக்கு மனசு கேட்கவில்லை. ஓடி வந்தார்.

"அம்மணி, விடுங்க. பெரியவரு. வேணும்னா என்ற மேசைல ஒக்காந்துக்கட்டும்."

"தாராளமா ஒக்காரட்டுமுங்க. தெனமும் வருவாருங்க. பார்ட்டியோட வருவாரு. டீ நீங்கதான் சொல்லோணும்."

வேங்கடசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு தன் ஃபைலைத் தேடப் போய்விட்டார். சைட் வாங்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். கடைசியாகப் பாலுசாமி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். முகம் செத்துப் போயிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று அதன்மேலும் கோபம் வந்தது. அவர் படி இறங்கியதும் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் கிடந்த தாளை எடுத்து நீவி விரித்தாள்.

பாலுசாமி நேராக அன்னூருக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து செய்தி எல்லா வீடுகளுக்கும் கிளம்பியது. மருமகள் மாமனாரை நாலு பேர் முன்னால் எழுந்து போகச் சொன்னாளாம். காந்திபுரத்துக்குப் போனதும் கொழுப்பு ஏறிவிட்டதாம். குழந்தையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றைக்கு ராத்திரி சென்னகேசவன் சாப்பிடவில்லை. ராமாமணி சாப்பிட்டாள்.

மறுநாள் அவன் வேலைக்கு லீவ் போட்டுவிட்டு நேராக ஹாலுக்கே வந்தான். கீழே மஜீத் பாய், மறுபடியும் அவள் பெயரை எழுத ஆள் வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டேதான் ஏறி வந்திருப்பான். அவள் ஒரு நீளக் கோட்டின் நடுவில் இருந்தாள். நிமிரவில்லை. கோடு முடிகிற வரைக்கும் அவன் நின்றான். கட்டிய பெண்டாட்டி முன்னால் அப்படிக் காத்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அப்பாகிட்ட வந்து ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுப்போடு. இந்த மேசையும் போதும். இப்பவே கெளம்பு" என்றான், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"இது ஆபீசுங்க" என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கிற குரலில். "ஊட்டுப் பேச்ச ஊட்ல பேசிக்கலாமுங்க. சாயங்காலம் வேலை முடிச்சுப்போட்டு வாரேன்."

அவன் சுற்றிலும் பார்த்தான். அத்தனை மேசையிலும் ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள், அல்லது செய்வதுபோல் இருந்தார்கள். அவனை உட்காரச் சொல்ல ஒருவரும் இல்லை. திரும்பிப் படி இறங்கினான்.

அந்தச் செருப்புச் சத்தம் தெருவில் கலந்த பிறகுதான் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும் என்பது அவளுக்கு உறைத்தது. அந்த நினைப்போடு மைக் கோடு போட முடியாது. பேனாவை மூடி வைத்தாள். கையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.