நாக்கை அழுத்தும் தகடு

என் மகளுக்கு ஏழு வயதில் தொண்டையில் சீழ் கட்டிக் காய்ச்சல் வந்தது. டாக்டரம்மா ஒரு தட்டையான எஃகுத் தகட்டால் அவள் நாக்கை அழுத்தினார். ஸ்பேட்சுலா என்றார்.

"ஆ சொல்லு சாமி."

"ஆ... ஆ" என்று உடைந்து இரண்டு துண்டாக வந்தது குரல். ஆஸ்பத்திரி வாசலில் நின்றே, பிள்ளை பிழைத்தால் கிடாய் வெட்டுவதாகக் கருப்பணாருக்கு வேண்டிக்கொண்டேன். பிழைத்தாள். ஒரு கறுப்புக் குட்டியை நேர்ந்துவிட்டேன்.

குட்டி கிடாயாக வளர்ந்து, வெட்டும் பூசைக்குப் பத்து நாள் இருக்கையில் தீனி எடுக்கவில்லை. நேர்ந்த கிடாய் செத்தால் வேண்டுதல் என்னாகும், பிள்ளை என்னாவாள் என்று பயந்து மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தேன். நான் கொம்பைப் பிடிக்க, அவரும் அதே மாதிரித் தகட்டால் நாக்கை அழுத்தினார்.

"ஆ... ஆ" என்றது கிடாய்.

வாசற்படியில் நின்ற மகள் தன் தொண்டையைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க, கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கெடான்னா கத்தத்தானுங்க செய்யும்" என்று சிரித்தார் டாக்டர். வாய்ப்புண்ணுக்குக் களிம்பும், தடவ அந்தத் தகட்டையும் கொடுத்துப் போனார். தினமும் தடவினேன். தினமும் அதே சத்தம். வீட்டுக்குள் மகள் எச்சில் விழுங்குவாள். இருவர் நெற்றியிலும் திருநீறு பூசுவேன். புண் ஆறியது, சத்தம் மாறவில்லை.

பூசையன்று கிடாய்க்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். உடம்பை உதறித் துளுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். மூன்று சொம்பு ஊற்றியும் கல்லாக நின்றது.

"கறிச்சோறு போட மாமனுக்கு மனசில்லீங்க, கெடாகிட்டச் சொல்லி வெச்சுட்டாரு" என்றான் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி மட்டும் சிரிக்கவில்லை.

"மனசுல என்னமோ வெச்சிருக்கறீங்க. சொல்லீருங்க."

மண்ணில் விழுந்தேன். "சாமி, இது எம்புள்ள கொரல்ல கத்துது. வெட்ட மனசு வரமாட்டீங்குது. ஆனா எம்புள்ளைய உட்டுரு."

தண்ணீர் ஊற்றாமலே, கிடாய் தலை முதல் வால் வரை துளுக்கியது. "உத்தரவு ஆயிருச்சு" என்றார் பூசாரி. அரிவாள் இறங்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த மழையில் மகளுக்குச் சளி பிடித்தது. அதே டாக்டரம்மா நாக்கை அழுத்தினார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"ஆ" என்றாள், ஒரே துண்டாக, மணி அடித்த மாதிரி.

அந்த இன்னொரு துண்டு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். கிடாய்க்குக் களிம்பு தடவிய தகட்டைக் கழுவித் துணியில் சுற்றிப் பூசை அலமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். எறியத் துணிவில்லை.