நீலம் வரும்வரை

திண்டிவனத்துக்கு அருகே உள்ள ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தவள் அமலா. பன்னிரண்டு வருடங்களில் லேபிள்களை எழுத்துக்கூட்டிப் படித்தே எந்தப் புட்டி புகையும், எது காற்று பட்டால் கெடும் என்று தெரிந்துகொண்டாள்.

கரைப்பான் காய்ச்சுவது அவளுக்குப் பிடித்த வேலை. சோடியத் துண்டுகளும் பென்சோபீனோன் பொடியும் போட்டுக் கொதிக்கவிட்டால், ஈரம் முழுதும் போனபின் குடுவை நீலமாகும். மாதாவின் அங்கியில் இருக்கும் நீலம். அதன் முன்னே உட்கார்ந்தால் வெளியே பெய்யும் மழைகூட எங்கோ தொலைவில் பெய்வதுபோலிருக்கும்.

அந்த ஐப்பசியில் பேராசிரியர் தமிழ்மணி, பால் அமிலத்திலிருந்து பாலிமர் செய்ய மூன்று முறை முயன்று தோற்றிருந்தார். வெள்ளீய வினையூக்கி சேர்த்தும் தேன்போல் நின்றதே தவிர நூலாக வரவில்லை. நான்காம் முறைக்காகக் காய்ந்துகொண்டிருந்த கரைப்பான் குடுவையை எட்டிப் பார்த்தார்.

“பச்சை தட்டிடுச்சு அமலா. போதும், எடுத்துக்கலாம்.”

“வேணாங்க மேடம். இன்னும் ஈரம் இருக்குது. போன மூணு தபாவும் பச்சையிலயேதான் எடுத்தோம், அதான் நூலு வரல.”

தமிழ்மணி தன் குறிப்பேட்டைப் புரட்டினார். மூன்று தேதிகளிலும் அவர் கையெழுத்திலேயே ‘இளம்பச்சை’ என்றிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அமலாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று மணிக்கு மேல், எப்போது மாறியது என்று தெரியாமலே, குடுவை நீலமாகியிருந்தது.

மறுநாள் உருகிய பாலிமரில் கண்ணாடிக் குச்சியைத் தொட்டு இழுத்தார் தமிழ்மணி. நூல் வந்தது. “நுனியைப் பிடிச்சிக்கினு நட!” என்றார்.

அமலா நடந்தாள். மேசைகளைத் தாண்டி, கதவைத் தாண்டி, தாழ்வாரத்து வெயிலுக்குப் போனாள். நூல் அறுபடவில்லை. காற்றில் மின்னி மின்னி மறைந்தது.

“இது எதுக்குங்க மேடம்?”

“ஆபரேஷன் பண்ணா உள்ள தையல் போடறாங்களே, அதுக்கு. உடம்பே மெதுவா கரைச்சிடும்.”

அமலா அப்படியே நின்றாள்.

“எம்பொண்ணு ஜெர்லின் பொறந்தப்ப முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில எனக்கு வயித்துல போட்டாங்க. பிரிக்கவே இல்ல. அந்த நூலு எங்க போச்சுன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு கெடந்தேன் மேடம்.”

தமிழ்மணி சிரித்தார். அமலா சிரிக்கவில்லை. ஒரு கையில் நூலோடு, மறுகையை வயிற்றின்மேல் மெல்ல வைத்துக்கொண்டாள்.