பதினோராம் தேதிக்குப் போன கம்ப்யூட்டர்

2005ஆம் ஆண்டில் திருவண்ணாமலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் கையில் ஒரு சிடிகூட இல்லாமல் தொழில் செய்தவர் சாந்த் பாஷா ஒருவர்தான். மற்றவர்கள் ஜிப் வைத்த பை நிறைய சிடிக்களோடு வருவார்கள். மெஷின் லேசாக முனகினால் போதும், உள்ளே இருப்பதையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். சாந்த் பாஷா மொபெட்டில் வந்து இறங்கும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவர், தூசு தட்ட ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு டார்ச் லைட், இவ்வளவுதான் இருக்கும்.

இதற்குப் பெரிய கொள்கை ஏதும் காரணமில்லை. அவர் படித்த கம்ப்யூட்டர் சென்டர், ஆறு மாத டிப்ளமோ என்று போர்டு மாட்டிவிட்டு, நாலாம் மாதக் கடைசியில் போர்டு உட்படக் காணாமல் போய்விட்டது. சிடியிலிருந்து விண்டோஸ் போடுவது ஐந்தாம் மாதப் பாடம். அதை வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். மனுஷன் ரோஷக்காரர், போட்டிக்காரனிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று இருந்துவிட்டார். அதனால் நாலு மாதப் படிப்பை வைத்துக்கொண்டு, விழுந்த மெஷினைச் சிடி இல்லாமலேயே எழுப்பியாக வேண்டிய கட்டாயம் அவருக்கு.

அதற்கு விண்டோஸ் எக்ஸ்பியில் வழியும் இருந்தது. மெஷின் ஒழுங்காக ஓடும் நாட்களில் அதுவே தன் நிலைமையை அவ்வப்போது குறித்து வைத்துக்கொள்ளும். பின்னால் படுத்துவிட்டால், சேஃப் மோடு என்கிற கொல்லைப்புற வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் திரையில் ஒரு காலண்டர் வரும். அதில் சில தேதிகள் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். அதில் ஒன்றைத் தொட்டால், மெஷின் அந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே எழுந்துகொள்ளும். எழுதி வைத்த கடிதமோ படமோ எதுவும் போகாது. நடுவில் புகுந்த கோளாறு மட்டும் கழன்றுவிடும். சாந்த் பாஷாவின் வித்தை மொத்தமும் இதுதான்.

வித்தையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவர் வாழ்க்கையில் எந்தக் குழப்பமும் வந்திருக்காது. விளக்கம் சொல்வது என்று ஒரு வியாதி அவருக்கு இருந்தது. எதைச் செய்தாலும், எதிரில் இருப்பவருக்குப் புரிகிற மாதிரி சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஊருக்கே தெரிந்த வியாதி அது. அவருடைய நிக்காஹ் அன்று, பெண்ணின் சம்மதம் கேட்டு வரும் வகீலும் சாட்சிகளும் மணப்பெண் மஹ்பூபாவிடம் போய், "சம்மதமா?" என்று கேட்டபோது அவள் உடனே பதில் சொல்லவில்லை. "பேச்சைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்குவாரான்னு கேட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினாள். வகீல் போய்க் கேட்க, மாப்பிள்ளை அதற்குக் கால் மணி நேரம் விளக்கம் சொன்னார். பந்தியில் பிரியாணி ஆறிப்போனது. பொண்ணைக் கேட்காமல் எதுவும் நகராது என்பது அன்றைக்கே அவர் மண்டையில் ஏறிவிட்டது.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை வேங்கிக்காலிலிருந்து பரசுராமன் போன் செய்தார். கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு மனு டைப் செய்து கொடுப்பவர் அவர். வீட்டு முன்னறையிலேயே கடை. வெள்ளிக்கிழமையிலிருந்து மெஷின் பாதி எழுந்து பாதியில் படுத்துக்கொள்கிறதாம். உள்ளே அவர் மகள் கவிநிலாவின் கல்யாணப் பத்திரிகை மாட்டிக்கொண்டிருந்தது. ஆயிரம் மனு டைப் செய்தவர் சொந்த மகள் பத்திரிகையை இன்னொருவரிடம் டைப் செய்யக் கொடுப்பாரா? அன்றைக்கே அது அச்சுக்குப் போக வேண்டும்.

சாந்த் பாஷா போய் இறங்கியபோது மணி பத்தரை. பரசுராமன் பீரோவைத் திறந்து ஒரு சிடியை எடுத்து நீட்டினார்.

"எங்ககிட்ட விண்டோஸ் சிடியே இருக்குதுங்க பாய்."

இருந்தது. சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டு இருந்தது. மூன்று வருஷ ஆயுத பூஜை அதன் மேல் தெரிந்தது.

"பளபளன்னு இருக்கற பக்கத்துலகூடப் பொட்டு வெச்சிருக்கீங்களே சார்."

"ஒரு பக்கம் மட்டும் வெச்சா எப்படிங்க? சாமி விஷயம் ஆச்சே."

துடைத்துப் போட்டுப் பார்த்தார்கள். டிரைவ் மூன்று தடவையும் வெளியே துப்பியது. சாந்த் பாஷாவுக்கு உள்ளூர நிம்மதி. அது ஓடியிருந்தாலும் மேற்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. "சிடி வேணாம் சார், நான் பாத்துக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்தார்.

"பன்னெண்டு மணி வரைக்கும் எமகண்டம். அப்புறம் கை வெயிங்க" என்றார் பரசுராமன்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் காபி கொண்டுவந்த கவிநிலா மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, என் ப்ராஜெக்டும் அதுலதான் இருக்குது. போயிடுமா?"

"போவாதும்மா. என்ன படிக்கறே?"

"எம்.எஸ்சி. கணக்கு, கடைசி வருஷம். ஏப்ரல் பதினெட்டுலேர்ந்து இருவத்தெட்டு வரைக்கும் பரீட்சை." சொல்லிவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கல்யாணம் ஏப்ரல் இருவது. பரீட்சையை அப்புறம் எழுதிக்கலாம்னு அப்பா சொல்றாரு. மண்டபத்துலேர்ந்து யாருண்ணா என்னைப் பரீட்சைக்கு அனுப்புவாங்க? இத்தோட முடிஞ்சிது என் படிப்பு."

அவள் அழவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரிப்பேருக்கு வந்த ஆள் இதில் என்ன பேச முடியும் என்று சாந்த் பாஷா பெயிண்ட் பிரஷால் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு அடித்ததும் காலண்டரைத் திறந்தார். பிப்ரவரி மாதத்தில் மூன்று தேதிகள் தடித்திருந்தன. பதினொன்று, பதினாறு, பத்தொன்பது. சொல்லாமல் பதினொன்றைத் தொட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். வியாதி விடுமா?

"இப்ப நாம எந்தத் தேதியைத் தொடறமோ, மெஷின் அந்தத் தேதிக்குப் போயிடும் சார். அதுக்கப்புறம் நடந்தது எதுவும் அதுக்குத் தெரியாது. நடக்கவே இல்லைன்னு நெனைச்சுக்கும்."

பரசுராமன் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பத்தொன்பது ஆகாது, மெஷினுக்கு உடம்பு கெட்டதே பதினெட்டில். பதினாறு அஷ்டமி. பதினொன்று வெள்ளிக்கிழமை, வளர்பிறை, திருதியை. "பேஷா இருக்குது, போடுங்க" என்று சொல்ல வாயெடுத்தவரை அவர் மனைவி திரௌபதி தடுத்தாள்.

"நிச்சயம் ஆனது பதிமூணாச்சுங்களே."

பரசுராமன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் பாய், பதினொண்ணுக்குப் போனா நிச்சயம் நடந்ததே அதுக்குத் தெரியாது?"

"தெரியாதுங்க."

"பத்திரிகை அது உள்ளயேதான இருக்கும்?"

"இருக்கும். எழுதனது எதுவும் போவாது."

"நிச்சயமே ஆவாத வூட்ல கல்யாணப் பத்திரிகை ஏது பாய்? அது பொய்ப் பத்திரிகை ஆயிடாதா?"

இந்தக் கேள்விக்கு நாலு மாதப் பாடத்தில் பதில் இல்லை. ஆறு மாதம் படித்திருந்தாலும் இருந்திருக்காது. சம்பந்தியைக் கலக்காமல் செய்யக்கூடாது என்று பரசுராமன் போனை எடுத்தார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம் செய்யும் ஆதிமூலம்தான் மாப்பிள்ளையின் அப்பா. அவரிடம் பரசுராமன் சொன்ன முதல் வாக்கியம், "சம்பந்தி, நாங்க நிச்சயத்துக்கு முன்னாடி போயிடலாம்னு பாக்கறோம்" என்பது. இதைவிட மோசமாக ஒரு சேதியைத் தொடங்க யாராலும் முடியாது.

ஒரு மணி நேரத்தில் மல்லாட்டை மூட்டை ஏற்றும் வேன் வாசலில் வந்து நின்றது. ஆதிமூலம், அவர் மைத்துனர், மாப்பிள்ளை வளவன் மூவரும் இறங்கினார்கள். ஆதிமூலம் கையில் பஞ்சாங்கம்.

"பின்வாங்கறதா இருந்தா நேரா சொல்லுங்க சம்பந்தி."

"நாங்க எங்கங்க பின்வாங்கறோம்? கம்ப்யூட்டர்தான் பின்வாங்குது."

சாந்த் பாஷா மறுபடி விளக்கினார். விளக்க விளக்க நிலைமை மோசமானது. பதினாறாம் தேதிக்கே போகட்டும், நிச்சயத்துக்கு அப்புறம் என்றாவது இருக்கும் என்றார் ஆதிமூலம். என் பொண்ணு காரியத்தை அஷ்டமியிலா வைப்பேன் என்று எகிறினார் பரசுராமன். எங்க வீட்டு நிச்சயத்தை இல்லையென்று ஆக்கப் பார்க்கிறீர்களா என்று ஆதிமூலம் கேட்க, நீங்கள் என் வீட்டுக்கு அஷ்டமியைக் கொண்டுவந்தீர்களா என்று பரசுராமன் கேட்க, தெருவில் மனு எழுத வந்தவர்கள் கூடிவிட்டார்கள். கடைசியில் ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்படின்னா நீங்க வெச்ச தட்டைத் திருப்பிக் குடுத்துடறோம். வேற எடம் பாத்துக்குங்க."

கதவோரம் நின்ற கவிநிலாவின் முகம் வெளுத்தது. வளவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சாந்த் பாஷா சட்டென்று எழுந்தார். தன் வாயால் ஒரு கல்யாணம் கலைந்தது என்று தெரிந்தால் மஹ்பூபா சோறு போடுவாளா?

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்! நான் ஒண்ணு சொல்றேன். மெஷின் பதினொண்ணுக்கே போவட்டும். எழுந்ததும், அதுக்கு எதிர்லயே இன்னொரு வாட்டி நிச்சயம் பண்ணிடுங்க. அப்புறம் தெரியாதுன்னு அது எப்படிச் சொல்லும்?"

ஆதிமூலம் துண்டை மடித்தார். "பாய் சொல்றதுல நியாயம் இருக்குது."

மெஷின் பதினோராம் தேதிக்குப் போய், அணைந்து, எழுந்து, ஒரு குறையும் இல்லாமல் நின்றது. அதை ஒருவரும் பாராட்டவில்லை. எல்லோரும் வெற்றிலை பாக்கு, தேங்காய், எலுமிச்சம்பழம், வாழைப்பழம், பூ வாங்க ஓடிக்கொண்டிருந்தார்கள். திரௌபதி மானிட்டருக்கு ஒரு முழம் மல்லிகை சுற்றினாள். தட்டோடு முன்னால் வந்த மைத்துனருக்கு ஒரு சந்தேகம்.

"பாய், இதுக்குக் கண்ணு எங்க இருக்குது? எந்தப் பக்கம் காட்டணும்?"

"கண்ணு கெடையாதுங்க."

"காது?"

"மைக் இல்லைங்க. டைப் பண்ணாத்தான் அதுக்குத் தெரியும்."

டைப் செய்யத் தெரிந்த பரசுராமன் கையில் தட்டு இருந்தது. அதனால் சாந்த் பாஷாவே உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகத் தேடி, ஒற்றை விரலால் நிச்சயதார்த்தத்தை அடித்தார். வேங்கிக்கால் பரசுராமன் மகள் கவிநிலாவை, கீழ்பென்னாத்தூர் ஆதிமூலம் மகன் வளவனுக்கு மணம் முடிக்க, இரு வீட்டாரும் இன்று நிச்சயம் செய்தபடி. அடுத்து முகூர்த்தத் தேதி வர வேண்டும். ஆனால் அவர் பார்த்து வளர்ந்த கல்யாணங்களில் அதற்கு முன்னால் வேறொன்று வரும். கை தானாக அடுத்த வரிக்குப் போனது. "பெண்ணின் சம்மதம்" என்று அடித்துவிட்டுத் திரும்பினார்.

"என்னம்மா, உனக்குச் சம்மதமா?"

மைத்துனர் சிரித்தார். "பொண்ணைக் கேக்கற வழக்கம் எங்கள்ல இல்லைங்க பாய்."

"டைப் பண்ணிட்டேங்களே" என்றார் சாந்த் பாஷா. அழிப்பதற்கு ஒரு பொத்தான் இருப்பதை அவர் சொல்லவில்லை. ஆயுசில் முதல் தடவையாக ஒரு விளக்கத்தை விழுங்கினார்.

அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் கோடு ஒன்று மின்னி மின்னிக் காத்திருந்தது. எல்லோரும் முதலில் அதைப் பார்த்தார்கள், பிறகு கவிநிலாவைப் பார்த்தார்கள்.

"எனக்கு அவரைப் புடிச்சிருக்குது" என்றாள் அவள். "தேதிதான் புடிக்கலை. அன்னிக்கு எனக்குப் பரீட்சை. காலையிலேர்ந்து ஒரு மெஷினுக்கு எந்தத் தேதி ஆவும், எந்தத் தேதி ஆவாதுன்னு இத்தினி பேர் உக்காந்து பாக்கறீங்க. எனக்கு எந்தத் தேதி ஆவும்னு ஒருத்தர்கூடக் கேக்கலையேப்பா."

பரசுராமன் தட்டோடு மகள் பக்கம் திரும்பினார். ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு மேசைக்கு அடியில் போனது. அதை எடுக்கக்கூட யாரும் குனியவில்லை. அதுவரை வாயே திறக்காத வளவன்தான் பேசினான்.

"அப்பா, இருவதாம் தேதின்னு மெஷினுக்கு இன்னும் சொல்லலை இல்ல?"

"சொல்லலை."

"அப்ப அந்தத் தேதி இன்னும் முடிவாவலைன்னுதான அர்த்தம்? நீங்க சொன்ன நியாயப்படி."

ஆதிமூலம் மகனை முறைத்தார், மானிட்டரை முறைத்தார். தான் வெட்டிய வாய்க்காலில் தானே நிற்பது அவருக்குப் புரிந்துவிட்டது. எச்சில் தொட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "மே இருவது. வைகாசி, வெள்ளிக்கிழமை, வளர்பிறை துவாதசி. பரீட்சையெல்லாம் முடிஞ்சிடுமாம்மா?"

"முடிஞ்சிடும் மாமா."

"மண்டபத்துக்காரர்கிட்ட என்னன்னு சொல்றது?" என்று பரசுராமன் திணறினார்.

"கம்ப்யூட்டர் பின்னாடி போயிடுச்சுன்னு சொல்லுங்க" என்றார் ஆதிமூலம்.

சாந்த் பாஷா கீபோர்டில் ச-வைத் தேடிக்கொண்டிருந்தார். கவிநிலா வந்து, "தள்ளுங்க அண்ணா" என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சம்மதம் என்று தானே அடித்தாள். அதன் கீழே மே 20 என்றும் அவளே அடித்தாள். திரௌபதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குலவையிட்டாள்.

அன்றிலிருந்து சாந்த் பாஷா ஊருக்கே தேதி பாஷா. பரீட்சையில் கவிநிலா முதல் வகுப்பு. கல்யாணத்துக்கு மஹ்பூபாவையும் அழைத்துக்கொண்டு போனார், பிரியாணி இல்லாத பந்தியில் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை மாதம் அதே மெஷின் மறுபடி படுத்தது. சாந்த் பாஷா போய்க் காலண்டரைத் திறந்த நேரத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து போன் வந்தது. கவிநிலா.

"அண்ணா, அப்பா சொன்னாரு. எந்தத் தேதிக்கு வேணும்னாலும் போங்க. மே இருவதுக்கு முன்னாடி மட்டும் போவாதீங்க."

கணக்கில் எம்.எஸ்சி. படித்த பெண். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று அவளுக்கு விளக்கம் சொல்ல அவர் வாயைத் திறந்தார். பிறகு, "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைத் தேடினார்.