தையல் போடாத தலை

நம்புகிறவர்கள் நம்புங்கள். கதை விட எனக்கு இப்போது மனசும் இல்லை, தெம்பும் இல்லை. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கண்ணைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து, பதினாறு வருஷமாக ஊர் ஜனத்துக்குப் பார்வை சோதிக்கிறவன் நான்.

என் மனைவிக்கு மூளையில் ஒரு ரத்தக்குழாய் குமிழ் மாதிரி வீங்கியிருந்தது. வெடித்தால் உயிர் போய்விடும். டாக்டர் இரண்டு வழி சொன்னார். மண்டையைத் திறந்து, வீக்கத்தின் அடியில் கிளிப் போடலாம். பெரிய ஆபரேஷன்தான், ஆனால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. இல்லாவிட்டால் தொடையில் சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே மூளை வரை போய், வீக்கத்துக்குள் மெல்லிய கம்பிச் சுருளை அடைக்கலாம். மூன்றே நாளில் வீடு. ஆனால் சுருள் நாளடைவில் அமுங்கலாம், வீக்கம் மறுபடி வரலாம். ஆறாம் மாதம் கட்டாயம் படம் எடுத்துப் பார்க்கணும் என்றார்.

அவள் கிளிப்தான் என்றாள். "ஒரேயடியா முடிஞ்சுடும்ங்க." நான்தான் பயந்து, கெஞ்சிக் கூத்தாடி அவளைச் சுருளுக்குச் சம்மதிக்க வைத்தேன்.

நாலாம் நாள் மாடியில் துணி காயப்போட்டாள். தலையில் ஒரு கீறல் இல்லை. தையல் என்று ஒன்று இருந்திருந்தால் தினமும் பார்த்திருப்போம், பயந்திருப்போம். எங்களுக்கு அவள் நோயாளி என்பதே மறந்துபோனது. ஆறாம் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கடையில் ஒரே கூட்டம். அடுத்த மாசம் போகலாம் என்றேன். அவளும் சரி என்றாள்.

படம் எடுக்க டாக்டர் குறித்த தேதிக்கு மறுநாள். சாயங்காலம் 4.10. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையின் இடது பக்கம் முடியே இல்லை. மழித்திருந்தது. நெற்றியிலிருந்து காது வரை வளைந்த தையல். கறுப்பு நூல்.

திரும்பினாள். முடி இருந்தது.

என் கண்ணில்தான் கோளாறு என்று கடைக்கு ஓடினேன். நானே நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் படித்தேன். கடைசி வரி வரை தெளிவு. அப்படியும் இரண்டு நாள் சொட்டு மருந்து விட்டேன். முட்டாப்பய நான். சோதிக்க வேண்டியது என் கண்ணையா?

வியாழக்கிழமை. பகல் 1.25. சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்கு வந்தாள். சோதனை அறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அங்கே எப்போதும் மங்கல் வெளிச்சம்தான்.

டிக்... டிக்... சுவர்க் கடிகாரம்.

கேரியரை வாங்கக் குனிந்தேன். ஆஸ்பத்திரி வாசனை.

மறுபடி அந்தத் தையல்...

தொட்டேன். முடிச்சுகள் விரலில் தட்டின. ஒன்று... இரண்டு... பதினெட்டு. ஈரமாக இருந்தது.

"என்னங்க?"

விளக்கைப் போட்டேன். பின்னல் அப்படியே இருந்தது. என் விரலில் ஈரம் இல்லை.

"தலை வலிக்குதா?"

"இல்லையே."

அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். சரி என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை. காலை 11.05. பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து போன்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், சுருள் அமுங்கிவிட்டதாம். வீக்கம் வெடித்துவிட்டதாம். ஆபரேஷன் அறை வரைகூட அவள் போகவில்லை.

கொன்றது நான்தான். யார் என்ன சமாதானம் சொன்னாலும் எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து, காலை 7.40. மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். ஏழு வயது. எனக்குச் சிக்கெடுக்கத் தெரியவில்லை.

"மெதுவாப்பா. அம்மாவுக்கும் இப்படித்தான், சீப்பு தையல்ல மாட்டிக்கும். அழுவாங்க."

எந்தத் தையல் என்று கேட்டேன். நெற்றியிலிருந்து இடது காது வரை விரலால் வளைத்துக் காட்டினாள்.

"தினமும் கண்ணாடியில பார்ப்பாங்க. அப்பாகிட்ட சொல்லாதே, பாவம், பயந்துடுவார்னு சொன்னாங்க."